வால்டர் ஹோல்ராய்டின் கடைசி விக்கெட்

புதன்கிழமை என்றால் ஹெப்ளியில் மதியம் ஒரு மணிக்கே கடைகளைச் சாத்திவிடுவார்கள். முடிதிருத்தும் வில்ஃப் ஆக்டனும் கடையைப் பூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆம்புரோஸ் கிரீன்வுட்டிடம் தேநீர் குடிக்கப் போய்விடுவான். கிரீன்வுட் முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்தில் அவருடைய கண்ணுக்குத் தப்பிய கள்ளத் தராசு கிடையாது. ஓய்வுபெற்ற பிறகும் ஊரில் எவருக்கு எந்தச் சிக்கல் என்றாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அப்படி யாராவது தட்டமாட்டார்களா என்று வாரம் முழுக்கக் காத்திருப்பவன் வில்ஃப்.

அந்த ஏப்ரல் மாதப் புதன்கிழமை கதவைத் தட்டியவர் எட்னா ஹோல்ராய்ட். மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

"என் வீட்டுக்காரர் செத்து ஆறு வாரம்கூட ஆகலை சார். அதுக்குள்ள அவரை ஏமாத்துக்காரன்னு சொல்றாங்க."

"யாரும்மா சொல்றது?" என்றார் கிரீன்வுட்.

"மேசைக் கிரிக்கெட் சங்கத்துச் செயலாளர். சிரில் மார்ஸ்டன். எழுத்து மூலமாவே குடுத்திருக்கார்."

சங்கத்தைப் பற்றி வில்ஃபுக்குத் தெரியும். வெளியே ஆட முடியாத குளிர்காலத்தில் ஆறு பேர் மேசையில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆளுக்கொரு கற்பனை அணி. அதில் பதினொரு பேருக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, முழங்கால் வலிகூட உண்டு. ஆறு பட்டை கொண்ட சின்னப் பித்தளை உருளை ஒன்றை உருட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று ரன் விழும். ஆறாவது பட்டையில் 'அப்பீல்'. அது விழுந்தால் இரண்டாவது உருளையை உருட்டி, அவுட்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். அவரவர் அணியின் ஆட்டத்தை அவரவர் வீட்டிலேயே தனியாக உருட்டி, பந்து பந்தாகத் தாளில் எழுதி, பக்கத்திலேயே மொத்த ரன்னையும் குறித்து, புதன்கிழமை கொண்டுவந்து கொடுப்பார்கள். எதிராளியின் தாளோடு ஒப்பிட்டு யார் ஜெயித்தார் என்று சொல்வார்கள். யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை. சொன்னால் நம்புவதுதான் அந்த ஆட்டத்தின் ஒரே விதி.

"பதினாலு வருஷம் ஆடினார். ஒரு தடவைகூடக் கேடயம் வாங்கலை," என்றார் எட்னா. "இந்த வருஷம் கடைசி ஆட்டத்துல ஜெயிச்சாத்தான் கேடயம். கசாப்புக் கடை பெர்சி வாட்லியோட இருநூத்தி அம்பத்திரெண்டைத் தாண்டணும். இவர் நூத்திப்பதினேழுக்கு ஒன்பது பேரைத் தொலைச்சுட்டார். மிச்சம் ரெண்டே பேர். கிராப்ட்ரீ, போல்ட்."

"அவங்க எப்படி ஆடுவாங்க?" வில்ஃப் ஆவலாகக் கேட்டான்.

"ஒருத்தன் ரொட்டி சுடற தடியன். இன்னொருத்தன் நொண்டி. எல்லாம் அவரா வெச்சதுதான். பேட்டைப் பிடிக்கவே தெரியாதுன்னு சொல்லுவார். அவங்க ரெண்டு பேரும் நூத்திமுப்பத்தேழு அடிச்சாங்க."

வில்ஃப் விசில் அடித்தான். கிரீன்வுட் அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சனிக்கிழமை உருட்டினார். செவ்வாய்க்கிழமை போயிட்டார். கடைசி விக்கெட்டப்போ கை ஓய்ஞ்சு போச்சு. நீ எழுதுன்னார், எழுதினேன். அதைத்தான் சிரில் பிடிச்சுக்கிட்டார். கையெழுத்து மாறியிருக்கு, கணக்கு வெச்சு ஜோடிச்சிருக்காங்கங்கறார். வர்ற புதன்கிழமை ஓட்டெடுப்பு. தோத்தா கேடயத்துல பேர் வராதுங்கறது மட்டுமில்லை. பதினாலு வருஷப் பதிவையும் கிழிச்சுப் போட்டுடுவாங்களாம். அவர் அங்க ஆடவே இல்லைங்கற மாதிரி." 

"அவர் உருட்டினதை நீங்க பாத்தீங்க, இல்லையா?"

"பாத்தேன் சார். பக்கத்துலயேதான் இருந்தேன். நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை எந்திரிச்சிருப்பேன். அவரோட அந்தக் கூத்து இருக்கே! கிரிக்கெட்டுல நூத்திப்பதினொண்ணு ராசியில்லாத எண்ணாம், கால் தரையில இருந்தா விக்கெட் விழுந்துடுமாம். அது வந்துடக் கூடாது, அதோட ரெண்டு மடங்கும் வந்துடக் கூடாது. வந்துட்டா படுக்கையிலேயே ரெண்டு காலையும் அந்தரத்துல தூக்கிடுவார். டாக்டர்கூடத் திட்டினார். போர்வை நழுவிக் கீழ விழும், நான் சுத்திக்கிட்டுப் போய் எடுத்துப் போர்த்தணும். ஆனா பொண்டாட்டி பேச்சுக்கெல்லாம் யார் மதிப்புக் குடுப்பாங்க?"

"நான் குடுக்கறேன்," என்றார் கிரீன்வுட். "டப்பாவை வெச்சுட்டுப் போங்க."

எட்னா போனதும் டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே வால்டரின் இரண்டு உருளைகளும் கடைசி ஆட்டத்தின் தாளும் இருந்தன. வில்ஃபுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், இதுல துப்பறிய என்ன இருக்கு? வால்டர் பேரை அடிச்சிட்டா கேடயம் யாருக்குப் போகும்? ரெண்டாவதா இருக்கற சிரிலுக்கு. ஆசை, பொறாமை. முடிஞ்சுது கதை."

"சிரில் ஆசைப்பட்டான்னு சொன்னா, வால்டர் நிஜமாவே உருட்டினார்னு ஆயிடுமா? எட்னாவுக்கு வேண்டியது அதுதானே. உன் சவரக்கத்தி ரெண்டை எடுத்துட்டு வா."

இரண்டு கத்திகளையும் கூர்ப்பக்கம் மேலாக நிறுத்தி, உருளையின் இரண்டு முனைக் காம்புகளையும் அவற்றின் மேல் மெல்ல வைத்தார் கிரீன்வுட். ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால் அந்தப் பக்கம் தானாகக் கீழே திரும்பிவிடும். எந்தப் பட்டை மேலே இருக்கும்படி வைத்தாலும் உருளை வைத்த இடத்திலேயே நின்றது. இரண்டாவதும் அப்படியே.

"உருளை சுத்தம்," என்றார். "இனி தாள்."

வால்டரின் கடைசித் தாளை விளக்கடியில் விரித்தார்கள். ஒன்பதாவது விக்கெட் வரை வால்டரின் கோணல் எழுத்து. அதற்குப் பிறகு எட்னாவின் வட்ட வட்டமான எழுத்து. ஆனால் எட்னா எழுதிய பகுதிக்கு நடுவே மூன்றே மூன்று வரிகள் மறுபடியும் வால்டரின் கையில் இருந்தன. எழுத்து நடுங்கிக் கீழ்ப்பக்கமாகச் சரிந்திருந்தது.

"இது என்ன சார்? கை ஓய்ஞ்சு போச்சுன்னாங்களே! சிரில் சொல்றதுலயும் விஷயம் இருக்கும்போல," என்றான் வில்ஃப். சொல்லிவிட்டு எட்னாவின் முகம் நினைவுக்கு வர, வாயைப் பொத்திக்கொண்டான்.

கிரீன்வுட் அந்த மூன்று வரிகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை வில்ஃப் பக்கம் தள்ளினார். "உருளை வேண்டாம். உன் மனசுல இருந்தே ஒரு முழு ஆட்டத்தை எழுது. பாக்கறவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது."

வில்ஃப் நாக்கைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் எழுதினான். இருநூற்று முப்பத்தொன்பது ரன், பத்து விக்கெட். தனக்கு இவ்வளவு திறமையா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. கிரீன்வுட் விரலைத் தாளில் ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடத்தில் வில்ஃபின் மொத்தம் நூற்றெட்டிலிருந்து நூற்றுப்பன்னிரண்டுக்குப் போயிருந்தது.

"இங்க எதுக்கு நாலு போட்டே?"

"சும்மா வந்துச்சு சார். ஏன், தப்பா?"

"தப்பே இல்லை," என்று அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. இந்த மாதிரி நேரங்களில் வில்ஃபுக்கு அவர்மேல் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை சாயங்காலம் வறுத்த மீன் கடைக்கு மேலே இருக்கும் சங்கத்து அறைக்குப் போனார்கள். அந்த அறையில் மேசை, நாற்காலி, கேடயம் எல்லாவற்றிலும் மீன் வாசனைதான். தலைவர் பெர்சி வாட்லி அலமாரியைத் திறந்துவிட்டார். செயலாளர் சிரில் மார்ஸ்டன் ஏணியில் ஏறிப் பழைய தாள்களை எடுத்துக் கொடுத்தார். நூலகத்தில் வேலை பார்க்கும் ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"எனக்கு வால்டர் மேல எந்தக் கோபமும் இல்லை," என்றார் சிரில். "ஆனா நூத்திமுப்பத்தேழு ரன் கடைசி விக்கெட்டுக்கா? உருளை அப்படி விழாது மிஸ்டர் கிரீன்வுட். எனக்குத் தெரியும்."

"என் ஆட்டம்தான் தோத்துது, நானே சும்மா இருக்கேன். இவனுக்குத்தான் தூக்கம் வரலை," என்றார் பெர்சி. பழைய தாள் ஒன்றை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆகா, அம்பத்தி நாலுல நான் ஆடினது. கேளுங்க. நூத்தி ஏழு, ஒரு நாலு, நூத்திப்பதினொண்ணு…"

சொன்ன மாத்திரத்தில் பெர்சியின் இரண்டு கால்களும் நாற்காலியிலிருந்து மேலே போயின. வில்ஃபின் காலும் அவனைக் கேட்காமலே எழும்பியது. ஏணியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த சிரில், கை நிறையத் தாள்களோடு ஒற்றைக் காலில் தள்ளாடினார்.

"சீக்கிரம் அடுத்ததைப் படிய்யா!" என்று கத்தினார்.

"நூத்திப்பதிமூணு," என்றார் பெர்சி. எல்லோருடைய கால்களும் தரைக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு முந்தைய ஆட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வில்ஃபுக்குச் சிரிப்பு வந்தது. சிரிலின் நெற்றியில் நிஜமாகவே வேர்த்திருந்தது.

கிரீன்வுட் அவர்களுடைய தாள்கள் எல்லாவற்றையும் இரவல் கேட்டார். வாங்கி அடுக்கும்போது வில்ஃப் சிரிலின் அணிப் பட்டியலைப் படித்தான். முதலில் இறங்குபவர் பெயர் நார்மன் மார்ஸ்டன்.

படியிறங்கும்போது பெர்சியிடம் மெதுவாகக் கேட்டான். "நார்மன்னா யாரு?"

"சிரிலோட தம்பி. போர்ல கப்பலோட போயிட்டான். இப்போ மேசையில பிச்சு உதர்றான், பாத்தியா? ரெண்டு வருஷமா அவனை அவுட்டாக்கவே முடியலை."

அடுத்த புதன்கிழமை இரண்டு மணிக்கு, சங்கத்து ஐந்து உறுப்பினர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வால்டரின் நாற்காலியில் எட்னா. ஆறாவது ஆள் இல்லாத குறையைத் தீர்ப்பதுபோல் வில்ஃப் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். கிரீன்வுட் மட்டும் நின்றார்.

"நான் கிரிக்கெட் ஆடினதில்லை," என்று ஆரம்பித்தார். "தராசு பாத்துத்தான் பழக்கம். பொய்த் தராசைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அது எங்க நிக்க மாட்டேங்குதுன்னு பாக்கறதுதான். இந்த உருளைகள்ல சராசரியா மூணு ஆட்டத்துல ஒண்ணுல, ஏறிட்டு வர்ற மொத்தம் போற வழியில சரியா நூத்திப்பதினொண்ணுல வந்து நிக்கும். அது உருளையோட இயல்பு. அதுக்கு பயம் கிடையாது. ஆனா உங்க எல்லாருக்கும் பயம் இருக்கு. வில்ஃப் மனசுலேருந்து ஒரு ஆட்டம் எழுதினான். நூத்தி எட்டுக்கு வந்ததும் நாலு போட்டுத் தாண்டிட்டான். கேட்டா, சும்மா வந்துச்சுன்னான். அவனுக்கே தெரியாம கை தாண்டிடுச்சு."

வில்ஃப் வாயைப் பிளந்தான். அடடா, கண்ணெதிரிலேயே இருந்ததே!

"பொய்யா எழுதற எந்த ஹெப்ளிக்காரனும் நூத்திப்பதினொண்ணுல நிறுத்த மாட்டான். வால்டரோட இந்த வருஷ ஆட்டம் இருபது. ஏழு தடவை நிக்குது. பெர்சிக்கு ஆறு. மத்த மூணு பேருக்கு அஞ்சுலேருந்து எட்டு."

"கடைசித் தாளைச் சொல்லுங்க," என்றார் சிரில். "அதுல கையெழுத்து ரெண்டு மூணு தடவை மாறுதே."

"அதுதான் ரொம்ப நல்ல சாட்சி. எட்னா எழுதிட்டு வர்றாங்க. நடுவுல மூணு வரி மட்டும் வால்டர் கை. அந்த மூணு பந்துலயும் மொத்தம் எவ்வளவுன்னு பாருங்க."

பெர்சி தாளை வாங்கிப் பார்த்தார். "இருநூத்தி இருபத்திரெண்டு. அப்புறம் ஒரு அப்பீல், அவுட் இல்லை. இன்னொரு அப்பீல், அதுவும் இல்லை. மூணு வரியும் இருநூத்தி இருபத்திரெண்டுலயே நிக்குது. கடவுளே, ரெட்டை நூத்திப்பதினொண்ணு!"

"எட்னா, அந்த மூணு வரியை ஏன் நீங்க எழுதலை?"

எட்னா சற்று யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "போர்வை! காலைத் தூக்கிட்டார். போர்வை அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. நான் சுத்திப் போய் எடுத்தேன். கொஞ்சம் பொறுங்கன்னேன், கேக்கலை, அவரா பென்சிலை எடுத்துக்கிட்டார்."

"இந்த அறையிலேயே அந்த எண்ணுக்கு அதிகமா பயந்தவர் வால்டர். ஜெயிக்கறதுக்காக ஜோடிச்சிருந்தா, சாகக் கிடக்கற மனுசன் கடைசி விக்கெட்டை அந்த எண்ணுல கொண்டுபோய் மூணு பந்து நிறுத்தி வெச்சிருப்பாரா? உருளை அங்க நிறுத்துச்சு. அவர் காலைத் தூக்கிக்கிட்டு அதை உள்ளது உள்ளபடி எழுதினார்."

கீழே எண்ணெயில் எதையோ போடும் சத்தம் கேட்டது.

"உங்க தாளையும் பாத்தேன் சிரில்," என்றார் கிரீன்வுட். குரலில் கடுமை இல்லை. "அம்பத்தொன்பது நவம்பர் வரைக்கும் மத்தவங்க மாதிரிதான் இருக்கு. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு ஆட்டம். ஒண்ணுலகூட நூத்திப்பதினொண்ணு இல்லை. இருநூத்தி இருபத்திரெண்டும் இல்லை."

பெர்சி மேசையில் ஓங்கி அடித்தார். "யோவ்! நீ உருட்டவே இல்லையா?"

சிரில் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுப்பார் என்று வில்ஃப் எதிர்பார்த்தான். அவர் மறுக்கவில்லை.

"நார்மன் அன்னிக்கு முதல் பந்துலயே அவுட்டு. முந்தின வாரமும் அப்படித்தான். அதுக்கு முந்தின வாரமும். அன்னிக்கு அவன் பொறந்தநாள். கப்பல் மூழ்கினப்போ அவனுக்குப் பத்தொம்பது வயசு. ஒரே ஒரு தடவை திருப்பி உருட்டினேன், அவ்வளவுதான். அதுவும் அவுட்டு. உருளையை டப்பாவுல போட்டு மூடிட்டேன். அப்புறம் எடுக்கவே இல்லை. பென்சிலால எழுதினா அவன் பாட்டுக்கு ஆடிட்டே இருக்கான்."

"அதுக்கு வால்டர் பேரை ஏன்யா கெடுத்தே? கேடயத்துக்காகவா?" என்றார் பெர்சி.

"கேடயம் எனக்கு எதுக்கு? வால்டரும் என்னை மாதிரிதான் பண்ணியிருப்பான்னு நெனச்சேன். சாகப்போறவனுக்கு உருளை அப்படி ஒரு ஆட்டத்தைக் குடுக்குமா? என்னால நம்ப முடியலை." சிரில் எட்னாவை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "எனக்குக் குடுக்கலையே."

வாரம் முழுக்க இந்த மனிதரை மனதுக்குள் திட்டித் தீர்த்திருந்த வில்ஃபுக்கு இப்போது ஒரு திட்டும் வாயில் வரவில்லை. அவனுக்கே அது பிடிக்கவில்லை.

பெர்சி எழுந்து நின்றார். கேடயத்தில் வால்டர் ஹோல்ராய்ட் பெயரை நாளைக்கே எழுதுவது என்று தீர்மானம் போட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிரிலின் கைதான் முதலில் உயர்ந்தது.

"அடுத்தது, இவனைச் சங்கத்தை விட்டு வெளியே அனுப்பறது. முப்பத்தஞ்சு தாளையும் கிழிக்கறது," என்றார் பெர்சி. "யார் யார் சம்மதம்?"

"இருங்க," என்றார் எட்னா. எல்லோரும் திரும்பினார்கள். "வால்டர் அணி இனிமே யாருக்கு?"

"ஆள் போயிட்டா அணியும் போச்சு. அதுதான் வழக்கம்," என்றார் பெர்சி.

"வழக்கத்தை மாத்துங்க. நான் ஆடறேன். கிராப்ட்ரீயையும் போல்டையும் எனக்குத்தான் தெரியும். என்னோட முதல் ஆட்டம் இவர்கூட. இப்பவே, இங்கேயே, எல்லார் எதிர்லயும். தாளைக் கிழிக்கறதா வேண்டாமாங்கறதை அப்புறம் பேசலாம்."

பெர்சி கிரீன்வுட்டைப் பார்த்தார். கிரீன்வுட் ஜன்னல் பக்கம் திரும்பி, மழை விட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பெர்சி தலையாட்டினார்.

எட்னா இரண்டு பித்தளை உருளைகளையும் எடுத்து சிரிலின் முன்னால் வைத்தார். "உருட்டுங்க. உங்க தம்பி ஆடட்டும்."

சிரிலின் கை மேசையிலேயே கிடந்தது. பிறகு உருளையை எடுத்தார். உருட்டினார். நான்கு. மறுபடியும் உருட்டினார். இரண்டு. மூன்றாவது தடவை அப்பீல் விழுந்தது. இரண்டாவது உருளையை உருட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். அவுட் இல்லை. வில்ஃப் மூச்சை விட்டான். அடுத்தது ஒன்று. அதற்கடுத்தது மறுபடியும் அப்பீல். இரண்டாவது உருளை மேசை ஓரம்வரை போய் நின்றது.

அவுட்.

சிரில் பென்சிலை எடுத்தார். நார்மன் பெயருக்கு எதிரே அவுட் என்றும், அதற்கு எதிரே ஏழு என்றும் தெளிவாக எழுதினார். எழுதி முடித்தும் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

எட்னா தன் நாற்காலியை மேசைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடுத்து யார் எறங்கறாங்க?" என்றார்.

சிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆர்க்ரைட்," என்றார். "இடது கைக்காரன்." உருளையை எடுத்தார்.